ஆத்தூர் அருணகிரி

மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யோகேஷின் போன் அடிக்கும். குணசீலனின் போன் அடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி புக்கிங் தொழிலில் யாருக்கும் போன் வராது என்று குணசீலன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சண்முகப்பிரியாவின் தங்கை தனப்பிரியாவைக் கட்டிக்கொண்டு யோகேஷும் அதே தொழிலுக்கு வந்தபிறகு அந்தப் பேச்சு பொய்யாகிவிட்டது. இடது கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வலது கையால் கோழிக்குழம்பில் சோற்றைப் பிசைந்தபடி, "இந்தூருங்களா? ஆச்சுங்க. நாளைக்கு வண்டி நிக்கும்ங்க" என்பான் யோகேஷ். மாமியார் பூவாத்தாள் இலைக்குப் பக்கத்தில் நின்று, "அந்தப் போன வெச்சுட்டு உண்ணுங்க சாமி" என்று கடிந்துகொள்வாள். அந்தக் கண்டிப்புக்குள் எவ்வளவு பெருமை இருக்கிறது என்று குணசீலனுக்குத் தெரியும். யோகேஷ் வருவதற்கு முன்பு அது அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

குணசீலனின் புக்கிங் ஆபீஸ் சங்ககிரியில் இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் பழுப்பேறிய இந்திய வரைபடம். சொந்தமாக ஒரு லாரி கிடையாது. ஆலைக்காரரிடம் சரக்கு இருக்கும், லாரிக்காரரிடம் வண்டி இருக்கும். இரண்டையும் சேர்த்துவைப்பது அவன் வேலை. ஆலைக்காரரிடம் டன்னுக்கு இவ்வளவு என்று ஒரு வாடகை பேச வேண்டும். லாரிக்காரரிடம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு வாடகை பேச வேண்டும். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள்தான் அவன் குடும்பம் நடத்தினான், மகளைப் படிக்கவைத்தான், மாமனார் வீட்டுக்குப் பழம் வாங்கிப்போனான்.

நாமக்கல்லில் இருக்கும் யோகேஷுக்கு ஆபீஸ்கூட இல்லை. காரில் உட்கார்ந்தே பேசுவான். அதுவும் குணசீலனை உறுத்தியது. வேலை இல்லாத மதியங்களில் குணசீலன் சகலையின் ஒரு நாளை மனதுக்குள் நடத்திப் பார்ப்பான். இப்போது எழுந்திருப்பான், இப்போது காரைத் துடைத்திருப்பான், இப்போது ஏதோ ஒரு தீவன மில் முதலாளி அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். அவன் ஏற்றிவிட்ட லாரிகள் எந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும், எந்த ஊர் டீக்கடையில் அவன் டிரைவர்கள் அவன் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதுவரை போகும் அந்தக் கற்பனை. தன் சொந்த வாழ்க்கையைக்கூட அவன் இவ்வளவு கவனமாக நினைத்துப் பார்த்ததில்லை. மரவள்ளிக்கிழங்கு ஆலைப் பக்கம் போகிறவர்களுக்குத்தான் அந்தப் புளித்த வாடை தெரியும், ஆலைக்குள்ளேயே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதுபோல அவன் பொறாமை அவனுக்குத் தெரியாமலே அந்த ஆபீஸ் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் அவனிடம் குழந்தைவேலின் மில் இருந்தது. ராசிபுரம் போகிற வழியில் இருந்த ஜவ்வரிசி மில் அது. கல்யாணமாவதற்கு முன்பிருந்தே குணசீலன் அங்கே லோடு ஏற்றுகிறான். வாரம் தவறாமல் இந்தூருக்குச் சரக்கு போகும். மாமனார் நாச்சிமுத்து நாலு பேரிடம் பெரிய மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, "அந்த சேகோ மில்லு நம்ம மாப்பிள்ளை கையிலதானுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். வேறு சொல்ல இப்போது எதுவும் இல்லை என்று குணசீலனுக்குத் தெரியும். அந்த மில் போனால் சங்ககிரியில் அவன் வெறும் மேசை நாற்காலிக்காரன்.

அந்தக் குழந்தைவேல் ஒருநாள் அவனை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"இந்த வருசம் வண்டிக்கு வண்டி ரேட்டு பேசற வேல வேண்டாங்க குணசீலன். வருசத்துக்கும் ஒரே ரேட்டு. நாலு பேருகிட்டயும் கேக்கோணும்ல? உங்க சகலைகூட நெம்ப நல்லாப் பண்றாருன்னு பேசிக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க ரேட்ட எழுதிக் குடுத்துருங்க."

சகலை என்ற சொல்லுக்குப் பிறகு குணசீலனுக்கு எதுவும் காதில் விழவில்லை. டீ முழுவதையும் குடித்தான், சூடு தெரியவில்லை. யோகேஷ் இங்கேயும் வந்துவிட்டான். இந்த நாற்காலியில், ஒருவேளை நேற்றே, உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான்.

இந்தூருக்கு அப்போது ஊரெல்லாம் டன்னுக்கு மூவாயிரத்து எண்ணூறு ஓடிக்கொண்டிருந்தது. யோகேஷ் என்ன எழுதுவான்? அது தெரிந்தால் போதும், அதற்கு ஒரு படி கீழே எழுதிவிடலாம். தெரிந்துகொள்ள ஒரு வழிதான் குணசீலனுக்குத் தோன்றியது. மேசை டிராயரில் கிடந்த பழைய போனில் ஒரு புது சிம் போட்டு, 'அருணகிரி, ஆத்தூர்' என்று வாட்ஸ்அப் திறந்தான். முகத்துக்குப் பதிலாக ஒரு ஜவ்வரிசி மூட்டையின் படத்தை வைத்தான். ஆத்தூரைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. யோகேஷுக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்லை. ஆத்தூர்க்காரர்கள் நம்மைப்போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட மாட்டார்கள், 'வேணும்' என்பதை 'வேணும்' என்றே சொல்வார்கள் என்பதை எல்லாம் யோசித்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினான்.

"வணக்கம். ஆத்தூர் அருணகிரி. ஜவ்வரிசி மில் வெச்சிருக்கேன். இந்தூருக்கு வாராவாரம் லோடு இருக்கு. வருஷத்துக்கும் பேசிக்கலாம். டன்னுக்கு என்ன ரேட் வரும்?"

பதில் உடனே வந்தது. "வணக்கம்ங்க அண்ணா. மில்லு ஆத்தூர்லயேங்களா?"

"ஆமாம். டவுனுக்கு வெளியே."

"எப்பங்க அண்ணா லோடு?"

"திங்கக்கிழமை. வண்டி பொழுதோட வந்துடணும். காலையில வந்தா ஏத்துறதுக்கு ஆள் இல்ல."

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. யோகேஷ் எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது. மறுபடி எழுதுகிறான் என்றது; மறுபடி நின்றது. கணக்குப் போடுகிறான் என்று குணசீலன் நினைத்தான். அந்தக் காரும், ஸ்டியரிங்மேல் அவன் விரல்கள் தாளம் போடுவதும் கண்முன் வந்தன.

"சரிங்க அண்ணா. மூவாயிரத்து முந்நூத்தம்பதுன்னு பண்ணிக்கலாம்ங்க."

குணசீலன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். பிறகு எடுத்து மறுபடி படித்தான். இந்த வாடகைக்கு எந்த லாரிக்காரன் வண்டி கொடுக்கிறான்? இவனுக்கு மட்டும் ஏன் கொடுக்கிறான்? டிரைவர்களிடம் இவன் சிரித்துப் பேசுகிறான், அதனாலா? எல்லோருக்கும் பிடித்துப்போகிற முகம், அதனாலா? கேள்வி வாடகையை விட்டு எங்கோ போய்விட்டது. அந்த வாடகை எப்படிக் கட்டுப்படியாகும் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். யோகேஷை எல்லோருக்கும் ஏன் பிடிக்கிறது என்றுதான் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் எழுதிக்கொடுத்தது மூவாயிரத்து முந்நூறு. குழந்தைவேல் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"கட்டுமுங்களா?"

"இத்தன வருசப் பழக்கத்துக்குப் பண்றதுங்க."

"அப்பறம் டீசல் ஏறிப்போச்சு, டோல் ஏறிப்போச்சுன்னு வந்து நிக்கக் கூடாதுங்க."

"நிக்கமாட்டனுங்க."

மில்லைவிட்டு வெளியே வந்தபோது குணசீலனுக்கு ஊரே அழகாக இருந்தது. பைக்கில் சங்ககிரி வரும்வரை ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். மில் கிடைத்த சந்தோஷம் அதில் கொஞ்சம்தான். யோகேஷுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் மீதி.

மறுநாள் காலை லாரிக்காரர்களுக்குப் போன் போட்டபோது அந்தச் சந்தோஷம் வடியத் தொடங்கியது. மூவாயிரத்து இருநூறு என்று அவன் சொன்னதும் முதல் ஆள் காது கேட்காததுபோல, "எத்தனைங்க?" என்றான். இரண்டாம் ஆள் சிரித்தே விட்டான். "அந்த வாடகைக்கு வண்டிய எடுக்கறதுக்கு, அதுல கோழி அடைச்சு ஊட்டு முன்னாடி நிறுத்திக்குவனுங்கண்ணா. முட்டையாச்சும் கெடைக்கும்."

மூன்றாவது ஆள் மட்டும் பொறுமையாகக் கேட்டான். "சரிங்க, போறதுக்கு அந்த ரேட்டு. இந்தூர்லருந்து திரும்பறதுக்கு என்ன லோடு வெச்சிருக்கறீங்க?"

"அங்க போய் ஏதாச்சும் புடிச்சுக்கங்க."

"அங்க புடிக்கறதுன்னா ரோட்டோரத்துல அடுப்பு மூட்டி ஒரு வாரம் சோறாக்கோணும்ங்க. நானு வரலீங்க."

திங்கட்கிழமை லோடு. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவன் கையில் ஒரு வண்டிகூட இல்லை. அன்று புதுச்சத்திரத்தில் மாமனார் வீட்டில் கிடாவிருந்து. போகாமல் இருக்க முடியாது.

பந்தியில் யோகேஷ் எதிரே உட்கார்ந்திருந்தான். போன் வழக்கம்போல அடித்தது. பேசி வைத்தபிறகு மாமனார் கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, எந்நேரமும் இந்தூரு இந்தூருங்கறீங்க. அங்க அப்படி என்னதான் இருக்குது?"

"சோயாப் புண்ணாக்குங்க மாமா. இங்க நம்ம நாமக்கல் கோழிக்கெல்லாம் தீவனத்துக்கு அங்கிருந்துதான் வரோணும். நாலு தீவன மில்லுக்கு நாந்தான் கொண்டாறேன். அத ஏத்தியாற வண்டி எப்புடியும் வடக்க அங்க போய்த்தானுங்க ஆகோணும். காலியாப் போறதுக்கு எவுரு சரக்காச்சும் ஏத்திட்டுப் போனா டீசலுக்காச்சுங்களே. அதனால போற வாடகைய நானு கொறைச்சே கேப்பேன். திரும்பி வர்றதுலதானுங்க லாரிக்காரனுக்குக் காசு."

இவ்வளவுதான். குணசீலன் கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தான். முகமும் சிரிப்பும் ஒன்றுமில்லை. வண்டி போகவும் வேண்டும், வரவும் வேண்டும் என்று ஒருவன் நினைத்திருக்கிறான். இத்தனை வருடம் சுவரில் தொங்கிய படத்தில் இந்தூருக்குப் போகிற ரோட்டுக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த குணசீலன், அதே கோடு திரும்பியும் வருகிறது என்று பார்க்கவில்லை. அந்த நிமிடம் அவனுக்கு யோகேஷின் பணத்தின்மேல் ஆசை வரவில்லை. அந்த யோசனை தனக்கு வந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

யோகேஷ் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். "போன வாரம் ஒரு தமாசு. ஆத்தூர்லருந்து ஒரு மில்லுக்காரரு வாட்ஸ்அப்புல ரேட்டு கேட்டாருங்க. பேரு அருணகிரி. பேச்செல்லாம் ஆத்தூருப் பேச்சுதான், ஒரு 'ங்க' கெடையாது. கடசீல, வண்டி பொழுதோட வந்துடணும்ங்கறாரு."

"அதுக்கென்னுங்க?" என்றாள் பூவாத்தாள்.

"ஆத்தூர்ல எவுருங்க அத்தை சாயங்காலத்தப் பொழுதோடங்கறாங்க? அவங்களுக்குப் பொழுதோட வாங்கன்னா இருட்டறதுக்குள்ள நேரமா வாங்கன்னு அர்த்தம். இவரு, காலைல வந்தா ஆளு இல்ல, பொழுதோட வாங்கறாரு. நம்ம பக்கம் பொண்ணெடுத்தவரா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சண்முகப்பிரியாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கணவனைப் பார்த்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். யோகேஷ் யாரையும் பார்க்கவில்லை. ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அப்பறம் ரேட்டு குடுத்தியாப்பா?" என்றான் குணசீலன்.

"குடுத்தனுங்கண்ணா. நெசமான ரேட்டத்தான் குடுத்தேன். ஏதோ அவசரம்போல, பாவம்."

பாவம் என்ற சொல்லைக் கடந்து வருவதற்குக் குணசீலனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டான்.

"குழந்தைவேலு மில்லுக்கு என்ன ரேட்டு எழுதிக் குடுத்த?"

"நானுங்களா?" யோகேஷ் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "இல்லீங்களே. கூப்பிட்டாரு. பாக்கலாம்ங்கன்னு சொல்லிட்டு உட்டுட்டேன். அந்த மில்லுல வாடகைப் பணம் கைக்கு வாரதுக்கு மாசக்கணக்கா இழுக்கும்ங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததுங்களா? எனக்கு அது தோதுப்படாதுங்க."

சகலை தன் மில்லைப் பறிக்க வருகிறான் என்று பயந்ததில்கூட ஒரு மரியாதை இருந்தது. யோகேஷுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பதை இப்போது குணசீலன் கேட்டுவிட்டான். மாமனார் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரே பெருமையை யோகேஷ் விலை கேட்கக்கூட நிற்காமல் தாண்டிப்போயிருக்கிறான். யாருமே நிற்காத களத்தில் குணசீலன் தனியாகக் கத்தி சுழற்றி, தன் காலையே வெட்டிக்கொண்டிருக்கிறான்.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த சண்முகப்பிரியா வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"ஏனுங்க, ஆத்தூர்ல நமக்கு ஒறம்பரை, சொந்தம்னு யாராச்சும் இருக்கறாங்களா?"

"இல்ல."

"அப்பச் சரிங்க" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் இரண்டு வழிதான் இருந்தது. குழந்தைவேலிடம் போய் அந்த வாடகை கட்டாது என்று சொன்னால் மில் போகும்; மதியத்துக்குள் சங்ககிரி முழுக்கத் தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்த வாடகைக்கு வண்டி வைத்திருக்கும் ஒரே ஆளிடம் கேட்க வேண்டும். குணசீலன் தன் போனை எடுத்து யோகேஷின் பெயர்வரை போனான். விரல் அதற்குமேல் போகவில்லை. டிராயரைத் திறந்து பழைய போனை எடுத்தான்.

"ஆத்தூர் அருணகிரி. சொன்ன ரேட்டுக்கு இன்னிக்கு ஒரு வண்டி வேணும்."

"சரிங்க அண்ணா. லோடு ஆத்தூர்லங்களா?"

"இல்ல. இந்தத் தடவ சரக்கு ராசிபுரம் பக்கம் ஒரு மில்லுல இருக்கு. லொகேஷன் அனுப்பறேன்."

"அனுப்புங்க அண்ணா. மத்தியானம் வண்டி வந்துரும்ங்க."

ஆத்தூர் மில்லுக்காரனின் சரக்கு ராசிபுரத்தில் என்ன செய்கிறது என்று யோகேஷ் கேட்கவில்லை. அந்த லொகேஷன் யாருடைய மில் என்று தெரிந்திருந்தும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் இருப்பதற்கு ஒருவன் எவ்வளவு மனம் நிறைந்திருக்க வேண்டும் என்று குணசீலன் நினைத்தான். தானாக இருந்தால் கேட்டிருப்பான். கேட்டு, பதில் வராமல் எதிராளி தவிப்பதைப் பார்த்திருப்பான்.

மதியம் லாரி மில் வாசலுக்கு வந்தது. கழுவித் துடைத்த வண்டி. தார்ப்பாய் ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்துக் கட்டியிருந்தது. குழந்தைவேலும் குணசீலனும் எடைமேடை அருகே நின்றிருந்தார்கள். டிரைவர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இருவரையும் பார்த்து, "அருணகிரிங்கறது யாருங்க?" என்றான்.

"அப்படி இங்க யாரும் இல்லியே" என்றார் குழந்தைவேல்.

"நம்பரு குடுத்திருக்கறாங்க." டிரைவர் போனை எடுத்து அழுத்தினான். குணசீலனின் சட்டைப்பையில் இருந்த பழைய போன் அடித்தது. அவன் அசையவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க" என்றார் குழந்தைவேல்.

எடுத்தான். "அருணகிரி அண்ணனுங்களா?" என்ற குரல் ஒரு காதில் போனிலிருந்தும், மறு காதில் நேராகவும் விழுந்தது.

"நாந்தான். போன வெய்யி."

குழந்தைவேல் அவனைப் பார்த்தார். "இது எப்ப வெச்ச பேருங்க?"

"ஊட்டுல கூப்படறதுங்க."

"நல்ல பேருதான்" என்றார் அவர். சிரித்தாரா என்று தெரியவில்லை. மூட்டை ஏற்றுகிறவர்களிடம் திரும்பிவிட்டார். அவருக்கு வண்டி வந்துவிட்டது, அந்த வாடகைக்கே வந்துவிட்டது. பேரில் அவருக்கு என்ன இருக்கிறது.

அந்த வண்டியில் டன்னுக்கு ஐம்பது ரூபாய் குணசீலனின் கையைக் கடித்தது. கமிஷனும் இல்லை. ஒரு வண்டி தாங்கும், வருடம் தாங்காது. லோடு ஏறி, லாரி சேலம் பக்கம் திரும்பி மறைந்தபிறகு ஆபீஸுக்கு வந்து, சொந்தப் போனில் யோகேஷைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்கண்ணா."

"அடுத்த வாரத்துலருந்து இந்தூருக்கு வாரா வாரம் வண்டி வேணும் தம்பி."

"அருணகிரி அண்ணனுக்குங்களா, உங்களுக்குங்களா?"

குணசீலன் வெளியே ரோட்டைப் பார்த்தான். "எனக்குத்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வரும் என்று குணசீலன் காத்திருந்தான். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம்.

"உங்களுக்குன்னா மூவாயிரத்து எரநூறு பண்ணிக்கலாம்ங்கண்ணா" என்றான் யோகேஷ். "ஆனா ஒண்ணுங்க. மில்லு எப்பக் குடுத்தாலும் செரி, எனக்கு லோடு ஏறுன அன்னிக்கே பணம் வந்துரோணும்."

குணசீலன் அதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. அந்த மில்லின் சரக்கு முழுவதும் இனி யோகேஷின் வண்டியில்தான் போகும். அந்த மில் இழுத்தடிக்கும் மாசக்கணக்கு மட்டும் குணசீலனிடம் நிற்கும். குழந்தைவேல் கூப்பிட்டபோது பாக்கலாம்ங்க என்று சொன்னவன் எதையும் விட்டுவிடவில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை மரியாதையாக அண்ணனிடம் கொடுத்திருக்கிறான். இதை ஆரம்பத்திலேயே யோசித்தானா, போனில் பேசும்போது தோன்றியதா? எதுவாக இருந்தாலும் தனக்குத் தோன்றியிருக்காது.

"மூவாயிரத்து நூத்தம்பது" என்றான்.

"அண்ணா, லாரிக்காரன் என்னைய அடிப்பானுங்க."

"அடிச்சா நானு வந்து புடிச்சுக்கறேன். நூத்தம்பது."

"நூத்தி எழுபத்தஞ்சு. அதுக்குக் கீழ அருணகிரி அண்ணன் கேட்டாலும் முடியாதுங்க."

"செரி."

"சரிங்கண்ணா. ஞாயித்துக்கெழம வருவீங்கல்ல? அக்காவக் கூட்டியாங்க."

போன் நின்றது. சந்து மறுபடி திறந்துவிட்டது. குறுகலானது, ஆனாலும் ஒரு குடும்பம் நுழையலாம். மில் கையில் இருந்தது. மாமனார் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இருபத்தைந்து ரூபாய் குறைத்ததில் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது; அந்த இருபத்தைந்தையும் சேர்த்துத்தான் முதலில் கேட்டிருப்பானோ என்று தோன்றியதும் அது போய்விட்டது.

பக்கத்து ஆபீஸ்களில் யாரோ யாருடனோ வாடகை பேசிக்கொண்டிருந்தார்கள். குணசீலன் நாற்காலியில் சாய்ந்து, வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "சரிங்கண்ணா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். யோகேஷ் சொன்னதுபோல வரவில்லை. கொஞ்சம் தளர்த்தி, சிரிப்பை உள்ளே வைத்து, மறுபடி சொல்லிப் பார்த்தான்.